ரிமோட் கார் ரேஸ்: உங்கள் கம்ப்யூட்டரே பயிற்சியாளர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எக்ஸெல் பழகிவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதற்கு அது? நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன்?" என்ற பதில் தான் பெரும்பாலும் வரும். ஸ்ப்ரெட்ஷீட் என்றால் வரவு செலவுக் கணக்கு என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. நமக்குப் பிடித்த ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே வாரத்தில் அது கைக்கு வந்துவிடும். எனக்குப் பிடித்த விஷயம் ரிமோட் கார்.

மதுரை மேலூர் சாலையில், யானைமலை அடிவாரத்தில் உள்ள ஒத்தக்கடையில் எங்கள் வீடு. ஞாயிற்றுக் கிழமைகளில் ஹாலில் கிடக்கும் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு, தெருப் பையன்களுடன் சின்ன ரிமோட் கார்களை ஓட்டுவது வழக்கம். அந்தக் கார்களை ஓட்டவும் பராமரிக்கவும் உங்கள் கம்ப்யூட்டர் எப்படி உதவும் என்பதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம். தேவையான சாப்ட்வேர் இரண்டு: ஒலியைப் பதிவு செய்திட ஆடாசிட்டி, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் கால்க். இரண்டும் இலவசம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம்.

எந்தக் கார் வாங்குவது?

ரிமோட் கார் புதிய விளையாட்டு அல்ல. இத்தாலியின் எல்ஜி நிறுவனம் 1966ல் பெராரி 250 எல்.எம். காரின் ரேடியோ மாடலை வெளியிட்டது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1976ல் போர்ஷே 934 மாடலைக் கொண்டு வந்தது. 1999ல் ஜப்பானின் கியோஷோ நிறுவனம் மினிஸீ என்ற வரிசையைத் தொடங்கியது. இது 1:28 அளவு. அதாவது நிஜக் காரின் 28ல் ஒரு பங்கு. நாலரை மீட்டர் நீளக் கார் இந்த அளவில் 16 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். உள்ளங்கையில் உட்காரும். இதே அளவில் சீன நிறுவனங்களும் விலை குறைந்த கார்களைத் தயாரிக்கின்றன.

வாங்கும் முன் இரண்டு சோதனை செய்திடுங்கள். முதலில், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் திரும்ப வேண்டும். பொம்மைக் கார்களில் முழு இடது, முழு வலது என இரண்டே நிலை தான் இருக்கும். அதில் ரேஸ் பழக முடியாது. அடுத்து, டயர், கியர், ஆக்ஸில் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். உதிரி பாகம் கிடைக்காத கார், முதல் மோதலோடு அலமாரிக்குப் போய்விடும்.

ஹாலே ரேஸ் டிராக்

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அதை 28ஆல் வகுத்தால் 132 மீட்டர். நம் ஹாலில் அதற்கு இடம் இல்லை. 12 அடிக்கு 20 அடி இடம் இருந்தால் சுமார் 14 மீட்டர் சுற்று அமைக்கலாம். பழகுவதற்கு அது போதும்.

இந்தக் கார்களின் அடிப்பாகம் தரையில் இருந்து சில மில்லிமீட்டர் தான் உயர்ந்திருக்கும். ஆகவே மொட்டை மாடித் தட்டோடும் தெரு ரோடும் ஒத்துவராது. டைல்ஸ், மொசைக், வழவழப்பான சிமெண்ட் தரை ஏற்றவை. எங்கள் ஊரில் மேலூர் சாலைத் தூசி ஜன்னல் வழியே வந்து தரையில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியில் டயர் வழுக்கும். ரேஸுக்கு முன் ஈரத் துணியால் தரையைத் துடைத்துக் காய விடவும். குழந்தைகளுக்காக விற்கும் பஸில் போம் மேட்டை விரித்தால் பிடிமானம் நன்றாகக் கிடைக்கும். மினிஸீ ரேஸ்களில் இது போன்ற போம் டிராக்குகள் தான் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஓரங்களுக்குப் பழைய தோட்டத்து டியூப் போதும். சுவரில் நேராக மோதுவதை விட டியூப்பில் மோதுவது காருக்கு நல்லது.

ரேடியோ அலை

முன்பு வந்த பல கார்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. இரண்டு கார்கள் ஒரே கிரிஸ்டலில் இருந்தால், ஒருவர் ரிமோட்டை அழுத்த அடுத்தவர் காரும் ஓடும். இப்போது வருபவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு காரையும் அதன் ரிமோட்டுடன் ஒருமுறை பைண்ட் செய்துவிட்டால், அடுத்தவர் சிக்னலை அது கேட்காது. உங்கள் வீட்டு வைபை ரூட்டரும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. இந்தியாவில் குறைந்த சக்தியில் இயங்கும் இத்தகைய சாதனங்களுக்கு 2005 முதல் லைசென்ஸ் தேவையில்லை.

ரிமோட்டை முதலில் ஆன் செய்து, அதன் பின் காரை ஆன் செய்திடவும். நிறுத்தும்போது காரை முதலில் ஆப் செய்திடவும். பிறகு தரையில் 3 மீட்டருக்கு நேர்கோடாக டேப் ஒட்டி, ஸ்டியரிங்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டில் உள்ள டிரிம் பட்டனால் சரி செய்திடவும். இதைச் செய்யாமல் வேறு எந்த அளவை எடுத்தாலும் பயனில்லை.

முதல் ஒர்க்ஷீட்: கியர் கணக்கு

மோட்டாரின் அச்சில் உள்ள சின்னக் கியர் பினியன். பின் ஆக்ஸிலில் உள்ள பெரிய கியர் ஸ்பர். ஸ்பரின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். ஸ்பர் 44, பினியன் 8 என்றால் 5.5. மோட்டார் ஐந்தரை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

கால்க் திறந்து முதல் வரிசையில் ஸ்பர், பினியன், விகிதம், மோட்டார் சுற்று, சக்கர விட்டம், வேகம் எனத் தலைப்புகள் கொடுங்கள். இவை ஏ முதல் எப் வரையிலான கட்டங்கள். இரண்டாம் வரிசையில் ஸ்பர் 44, பினியன் 8 என எண்களை அமைக்கவும். சி2 செல்லில் ஈக்குவல் குறி போட்டு ஏ2/பி2 என டைப் செய்து என்டர் தட்டவும். (செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தான் டைப் செய்திட வேண்டும்.) சாய்கோடு வகுத்தலுக்கு, நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு.

டி2வில் மோட்டாரின் சுற்று, உதாரணமாக நிமிடத்திற்கு 20000. இ2வில் சக்கர விட்டம் 25 மில்லிமீட்டர். எப்2வில் ஈக்குவல் குறி போட்டு டி2/சி2*இ2*3.1416*60/1000000 என அமைத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். இந்த உதாரணத்திற்கு விடை 17.1.

இனி இரண்டாம் வரிசையை அப்படியே காப்பி செய்து கீழே இரண்டு முறை பேஸ்ட் செய்திடுங்கள். பினியன் எண்ணை மட்டும் 7 என்றும் 9 என்றும் மாற்றுங்கள். வேகம் 15.0 என்றும் 19.3 என்றும் தானாக மாறும். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் மாறுகிறதே, ஸ்ப்ரெட்ஷீட்டின் பலம் இதில் தான் உள்ளது.

கவனிக்கவும். இது கணக்கு வேகம். உராய்வும் காரின் எடையும் இதைக் குறைக்கும். பினியன் பெரிதானால் நேர்ப்பாதையில் வேகம் கூடும். ஆனால் வளைவில் இருந்து எழும்பும் இழுவை குறையும், மோட்டார் அதிகம் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். நம் ஹாலில் நேர்ப்பாதையே 5 மீட்டர் தான். அந்த 19.3ஐ எட்டும் முன் அடுத்த வளைவு வந்துவிடும்.

மைக் வைத்து லேப் டைம் எடுக்கலாம்

பெரிய ரேஸ்களில் ஒவ்வொரு காரிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி இருக்கும். கோட்டைத் தாண்டும்போது அதன் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போய் நேரம் பதிவாகும். வீட்டில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் மைக் செய்துவிடும்.

1. ஸ்டார்ட்டிங் கோட்டில் மெல்லிய அட்டைப் பட்டை ஒன்றை டேப் போட்டு ஒட்டவும். கார் ஏறி இறங்கும்போது "டக்" என்று சத்தம் வர வேண்டும். கார் குதிக்கும் அளவுக்குத் தடிமன் வேண்டாம்.

2. ஹெட்செட் மைக்கைப் பட்டைக்கு அருகில், டியூப்புக்கு வெளியே வைக்கவும். லேப்டாப்பை டிராக்கில் இருந்து தள்ளி, மேசை மேல் வைக்கவும். மதுரை வெயிலில் பேனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மைக் பட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் பேன் சத்தம் தொந்தரவு தராது.

3. ஆடாசிட்டியைத் திறந்து சிவப்பு ரெக்கார்ட் பட்டனை அழுத்தவும். காரை ஓட்டி, கோட்டைப் பதினோரு முறை தாண்டுங்கள். அப்போது தான் பத்துச் சுற்று கிடைக்கும். பின் ஸ்டாப் அழுத்தவும்.

4. ஸ்கிரீனில் அலை வடிவம் தெரியும். ஒவ்வொரு "டக்" சத்தமும் ஊசி போல் நிமிர்ந்து நிற்கும். கண்ட்ரோல் கீயுடன் மவுஸ் சக்கரத்தைச் சுழற்றி அந்த இடத்தைப் பெரிதாக்கவும். அருகருகே இரண்டு ஊசிகள் தெரிந்தால் குழப்பம் வேண்டாம். முன் சக்கரம் ஒன்று, பின் சக்கரம் ஒன்று. எப்போதும் முதல் ஊசியையே எடுத்துக் கொள்ளுங்கள்.

5. ஊசியின் மேல் கிளிக் செய்தால், விண்டோவின் கீழ்ப்புறம் நேரம் தெரியும். அதைக் கால்க்கில் புதிய ஒர்க்ஷீட்டின் ஏ2 முதல் ஏ12 வரை வினாடியில் டைப் செய்திடுங்கள். 1 நிமிடம் 2.4 வினாடி என்றால் 62.4 என எழுதவும்.

6. பி3 செல்லில் ஈக்குவல் குறி போட்டு ஏ3-ஏ2 என அமைத்து என்டர் தட்டவும். முதல் சுற்றின் நேரம் வந்துவிடும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து பி12 வரை இழுத்தால், பத்துச் சுற்றுக்கும் விடை கிடைக்கும்.

7. சராசரிக்கு ஆவரேஜ், குறைந்த நேரத்திற்கு மின், அதிக நேரத்திற்கு மேக்ஸ் என மூன்று பங்ஷன்கள் உள்ளன. ஈக்குவல் குறி, பங்ஷன் பெயர், அடைப்புக் குறிக்குள் பி3:பி12 என்று அமைக்க வேண்டும். இன்செர்ட் மெனுவில் பங்ஷன் என்பதில் கிளிக் செய்தால் கம்ப்யூட்டரே வழிகாட்டும்.

ஊசிகள் சரியாகத் தெரியவில்லை என்றால், விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்கிற்கான ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் வசதியை நிறுத்திப் பாருங்கள். பேச்சுக்குரல் தவிர்த்த சத்தங்களை இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடக் கூடும்.

எண்கள் சொல்லும் பாடம்

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். ஏழாவது படிக்கும் மகனுக்கு ஒரு 1:28 கார் வாங்கிக் கொடுத்திருந்தார். "வேறு மோட்டார் போட்டால் தான் ஜெயிப்பேன்" என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். காரின் விலையில் பாதி அந்த மோட்டாருக்குப் போகும். "முதலில் கணக்குப் பார்ப்போம்டா" என்று சொல்லி, அவன் காரையே இரண்டு பினியனில் ஓட்டச் சொன்னேன்.

8 பல் பினியனில் வந்த பத்துச் சுற்று: 6.4, 6.5, 6.3, 6.6, 6.4, 6.5, 6.4, 6.7, 6.4, 6.5.

9 பல் பினியனில்: 6.0, 6.1, 8.9, 6.2, 6.0, 7.8, 6.1, 9.2, 6.2, 6.1.

சிறந்த சுற்றை மட்டும் பார்த்தால் 9 பல் தான் வேகம். 6.3க்குப் பதில் 6.0. பையன் குதித்தான். ஆனால் சராசரி என்ன? 8 பல்லுக்கு 6.47, 9 பல்லுக்கு 6.86. அந்த 8.9, 7.8, 9.2 மூன்றும் கார் டியூப்பில் மோதி நின்ற சுற்றுகள்.

இந்த வகை ரேஸ்கள் பொதுவாக நேரத்தை வைத்து நடக்கின்றன. 5 நிமிடம் அல்லது 8 நிமிடத்தில் யார் அதிகச் சுற்று வருகிறாரோ அவரே வெற்றியாளர். 5 நிமிடம், அதாவது 300 வினாடியை 6.47ஆல் வகுத்தால் 46 முழுச் சுற்று. 6.86ஆல் வகுத்தால் 43. "வேகமான" கார் மூன்று சுற்று பின்தங்குகிறது. விலை உயர்ந்த மோட்டார் போட்டிருந்தால் மோதல் தான் கூடியிருக்கும்.

பையன் ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சித்தப்பா, அப்ப மோட்டார் வேண்டாம். இந்த மூணு மோதல் இல்லேன்னா போதும்ல?" என்றான். அது தான் விடை. அண்ணன் ஓரமாக நின்று பார்த்துக் கொண்டிருந்தவர், "தம்பி, இதே கணக்கை என் வண்டி மைலேஜுக்கும் போட முடியுமா?" என்று கேட்டார். அன்றைக்கே அவருக்கும் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தேன். தேதி, கிலோமீட்டர், போட்ட எரிபொருள், கியர் விகிதத்திற்குப் போட்ட அதே வகுத்தல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சாப்ட்வேர் வேலையில் நாங்கள் தினமும் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. புரோகிராமில் பிழை தேடும்போது ஒரு இடத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்போம். மூன்று இடத்தை மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது. காருக்கும் இதே விதி தான். டயரை மாற்றிய நாளில் பினியனைத் தொடாதீர்கள். ஷீட்டில் தேதி, தரை, டயர், பினியன், சராசரி, மோதல் எண்ணிக்கை எனக் கட்டங்கள் வைத்து எழுதி வாருங்கள்.

எதை மாற்றுவது என்று கார் நடந்து கொள்ளும் விதமே சொல்லும்.

* ஸ்டியரிங் திருப்பியும் கார் வளையாமல் நேரே போகிறதா? முன் டயரில் பிடிமானம் குறைவு. முன் டயரைத் துடையுங்கள். போதாவிட்டால் இன்னும் மென்மையான முன் டயர் போடலாம்.

* வளைவில் பின்பக்கம் வீசிச் சுழல்கிறதா? பின் டயரில் பிடிமானம் குறைவு. பின் சக்கரத்தால் ஓடும் கார்களில் பின் டயர் மென்மையாகவும், முன் டயர் சற்றுக் கடினமாகவும் இருப்பது வழக்கம்.

* போம் மேட்டில் வளைவில் கவிழ்கிறதா? பிடிமானம் அதிகம். முன் டயரைக் கடினமானதாக மாற்றிப் பார்க்கவும்.

டயரில் 20, 30, 40 என எண்கள் இருந்தால், எண் குறையக் குறைய ரப்பர் மென்மை என்று பொருள்.

ஓட்டி முடித்ததும் பத்து நிமிடம்

தலைமுடியும் நூலும் தான் இந்தக் கார்களின் முதல் எதிரி. பின் சக்கரத்தைக் கழற்றினால் ஆக்ஸிலில் சுற்றிக் கிடக்கும். இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பெயிண்ட் பிரஷால் கியரில் உள்ள தூசியைத் தட்டவும். சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டால் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

உலோக பேரிங்கிற்குத் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். வழிவதைத் துடைத்துவிடவும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். பிளாஸ்டிக் கியருக்கு எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பல் தேயும்.

பிளாஸ்டிக்கில் ஸ்குரு போடும்போது, முதலில் இடதுபுறமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் "டக்" என்று உட்காருவது கையில் தெரியும். அதன் பின் வலதுபுறம் திருகி, இறுகியதும் நிறுத்தவும். இதைப் பழகிவிட்டால் சேஸிஸ் பல ஆண்டுகள் உழைக்கும்.

மோட்டாரை ஒவ்வொரு ஓட்டத்திற்குப் பின்னும் தொட்டுப் பாருங்கள். விரலை வைக்க முடியாத சூடு என்றால் ஆற விடவும். தொடர்ந்து அப்படியே இருந்தால் பினியனில் ஒரு பல் குறைக்கவும். சித்திரை, வைகாசி மாதங்களில் காலையிலோ மாலை மங்கிய பின்போ ஓட்டுவதே நல்லது.

பேட்டரி: இதில் அலட்சியம் கூடாது

மினிஸீ போன்ற கார்களில் நான்கு ஏஏஏ பேட்டரிகள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகையில் ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் 4.8 வோல்ட். ஒன்றாக வாங்கிய நான்கையும் எண் எழுதி வைத்து, எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்துங்கள். சாதாரண பேட்டரியுடன் கலக்காதீர்கள்.

சில 1:28 கார்களில் 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி வருகிறது. இதைத் தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் மட்டுமே சார்ஜ் செய்திட வேண்டும்.

* காருடன் வந்த சார்ஜரையே பயன்படுத்தவும். 400 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் என்ற அளவே பாதுகாப்பானது.

* ஓடி முடித்த சூட்டில் சார்ஜ் போடாதீர்கள். ஆறட்டும்.

* மெத்தை, சோபா, பேப்பர் மேல் வேண்டாம். சிமெண்ட் தரையில், மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து சார்ஜ் செய்யலாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

* கார் வேகம் குறைந்ததுமே நிறுத்திவிடுங்கள். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுவிடும். பல வாரம் ஓட்டப் போவதில்லை என்றால், முழுச் சார்ஜில் வைக்காமல் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்கவும்.

* உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கவும்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. சில கார்களின் சார்ஜர் யு.எஸ்.பி. வயராக இருக்கும். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர், 3.0 போர்ட் 0.9 ஆம்பியர். சார்ஜரின் லேபிளில் அதற்கு மேல் கேட்டிருந்தால் கம்ப்யூட்டரில் செருகாமல், தரமான மொபைல் அடாப்டரில் செருகவும்.

இந்த ஞாயிற்றுக் கிழமை செய்ய வேண்டியது இவ்வளவு தான். டிரிம் சரி பார்த்து, பத்துச் சுற்று ஓட்டி, சராசரியையும் மோதலையும் ஷீட்டில் பதிந்து, பைலை காரின் பெயரில் சேவ் செய்திடுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு மாற்றம். மோதல் இல்லாத பத்துச் சுற்று மூன்று வாரம் தொடர்ந்து வந்த பிறகு, பினியனில் ஒரு பல் கூட்டிப் பாருங்கள். புது மோட்டார் தேவையா என்பதை அதன் பின் உங்கள் ஷீட்டே சொல்லிவிடும்.